விமானத்துக்கு நான்கு மணி பத்து நிமிடம், அக்காவுக்கு?

2024 ஜூலை 2, செவ்வாய்க்கிழமை. திண்டுக்கல். காலை 4.30 மணிக்கு எழுந்தேன். 4.50க்குக் குழாயில் தண்ணீர் வந்தது. மூன்று குடம் பிடித்து வைத்தேன். 5.30க்கு மாதா கோயில் மணி அடித்தபோது இட்லி அடுப்பில் இருந்தது. 6.10க்குத் தற்செயல் விடுப்புக் கடிதத்தைப் பக்கத்து வீட்டு ஆசிரியையிடம் கொடுத்தேன். 6.35க்கு அக்கா வீட்டில் இருந்தேன். வானம் மூட்டமாக இருந்தது.

இப்படித்தான் இருபத்தாறு ஆண்டுகளாக நாட்குறிப்பு எழுதி வருகிறேன். நான் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுப்பவள். எதையும் மணி, நிமிடத்தோடு எழுதினால்தான் எனக்கு அது நடந்ததாகவே தோன்றும். அன்றைய பக்கத்தை இப்போது எடுத்துப் படித்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. அதில் எழுதியிருப்பது எதுவும் பொய்யில்லை. ஆனால் எழுத வேண்டிய ஒன்றை நான் எழுதவே இல்லை.

என் அக்காவுக்கு அப்போது வயது அறுபத்தொன்று. ஒரே மகள், சிங்கப்பூரில் செவிலியாக இருக்கிறாள். தலைப்பிரசவம். குழந்தை குறுக்காகக் கிடந்ததால் ஜூலை 5, வெள்ளிக்கிழமை அறுவை சிகிச்சை என்று நாள் குறித்துவிட்டார்கள். அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். அத்தானுக்கு ஊரில் புளி மண்டி. நத்தத்திலிருந்து லோடு வரும் நேரம், நகர முடியாது. ஆக, வேளாங்கண்ணிக்கு அப்பால் எங்கும் போயிராத அக்கா தனியாக விமானம் ஏற வேண்டும்.

அக்காவுக்கு உயரத்தைப் பற்றியோ விமானம் விழுந்துவிடுமோ என்பதைப் பற்றியோ பயம் இல்லை. அவள் கேட்டது ஒரே கேள்விதான்.

"எம்புட்டு நேரம்டி ஆகும்?"

கைப்பேசியில் தேடினேன். திருச்சி, சிங்கப்பூர் என்று இரண்டு ஊர்ப் பெயரையும் போட்டவுடன் கடலுக்கு மேல் ஒரு கோடு வரைந்து காட்டியது. விமான தூரம் ஏறத்தாழ மூவாயிரம் கிலோமீட்டர். பயண நேரம் நான்கு மணி பத்து நிமிடம்.

"நாலே மணி நேரம்க்கா. வேளாங்கண்ணி போறதவிடக் கம்மி" என்றேன்.

அவள் முகம் தெளிந்துவிட்டது. "நாலு மணி நேரமா? அப்ப தாங்கிருவேன்" என்றாள். எதைத் தாங்குவாள் என்று நான் கேட்கவில்லை. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான்.

அவளுக்காக முழுத்தாளில் ஒரு பட்டியல் தயாரித்தேன். மேலே சிவப்பு மையில் 'பயண நேரம் 4 மணி 10 நிமிடம்' என்று எழுதினேன், தைரியத்துக்காக. கீழே பதினேழு வரிகள். காரில் ஏறுவது, பெட்டியை எடை போடுவது, கடவுச்சீட்டை எந்த வரிசையில் காட்டுவது, சிங்கப்பூரில் நம் மணியோடு இரண்டரை மணி நேரம் கூட்டிக்கொள்வது, இறங்கியதும் எந்தப் பக்கம் திரும்புவது, எல்லாம் இருந்தது. நான்காவது வரி: 'தண்ணீர் அளவாகக் குடிக்கவும்.' பதினோராவது வரி: 'விமானத்தில் ஏறும் நுழைவாயில் அருகே உட்காரவும். அழைக்கும் வரை எழ வேண்டாம்.' அக்கா எட்டாம் வகுப்பு வரை படித்தவள். அதை மூன்று நாள் பாடம் போலப் படித்தாள்.

7.00க்குக் கிளம்பினோம். வாடகைக் கார். முன்னால் டிரைவரும் அத்தானும், பின்னால் அக்காவும் நானும். வடமதுரை தாண்டி ஒரு டீக்கடை வந்தது. நாட்குறிப்பில் '7.35 – 7.50, தேநீருக்கு நிறுத்தம்' என்று எழுதியிருக்கிறேன். நடந்தது இது: கார் நின்றதும் டிரைவரும் அத்தானும் நேராகச் சாலையோரப் புளியமரத்துக்குப் பின்னால் போய் வந்தார்கள். பிறகு ஆளுக்கொரு டீ குடித்தார்கள். அத்தான் கார் ஜன்னலில் குனிந்து, "உங்களுக்கு டீ வேணுமா?" என்று கேட்டார்.

"எங்களுக்கு வேணாங்க" என்றாள் அக்கா, எனக்கும் சேர்த்து.

நானும் வேண்டாம் என்றுதான் தலையாட்டினேன். அந்தப் பதினைந்து நிமிடமும் இரண்டு பெண்களும் காரைவிட்டு இறங்கவில்லை. அது எங்களில் யாருக்கும் விசித்திரமாகத் தோன்றவில்லை.

9.20க்குத் திருச்சி விமான நிலையம். 10.40க்கு அக்கா உள்ளே போனாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, பட்டியலை உயர்த்திக் காட்டிச் சிரித்தாள். விமானம் பிற்பகல் 1.40க்கு. "ஏறி உக்காந்துட்டான்னா கெளம்பிருவோம்" என்றார் அத்தான். "பறந்த பெறகு போவோம் அத்தான்" என்றேன் நான்.

12.30க்கு அறிவிப்பு வந்தது. வர வேண்டிய விமானம் வழியில் மழையால் தாமதம்; 3.40க்குத்தான் புறப்படும். அக்காவிடம் மூன்று முறை தொலைபேசியில் பேசினேன்: 11.30, 12.50, 2.10. மூன்று முறையும் நான் கேட்டவை இவைதான். கடவுச்சீட்டு பத்திரமா? போர்டிங் பாஸ் கையில் இருக்கிறதா? நுழைவாயில் எண் சரியா? மூன்றுக்கும் "இருக்குடி, இருக்குடி" என்றாள். கடைசி முறை மட்டும் குரல் கொஞ்சம் கம்மியிருந்தது.

"என்னக்கா, தூக்கமா?"

"இல்லடி. செத்த நேரம் அசதியா இருக்கு. எந்திரிக்கல, உக்காந்த எடத்துலயே இருக்கேன்."

"நல்லது. எந்திரிக்காத" என்றேன்.

2.52க்கு அவள் எண்ணிலிருந்து அழைப்பு. பேசியது வேறு ஒரு பெண். "நான் இதே ஃப்ளைட்டுல போறவங்க. இந்த அம்மா எழுந்து நிக்கிறப்ப அப்படியே விழுந்துட்டாங்க. மூச்சு இருக்கு, கண்ணு முழிச்சிட்டாங்க, பயப்படாதீங்க. என் மடியிலதான் தலையை வச்சிருக்கேன்." அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்கும் தெரியாது.

விமான நிலையத்து மருத்துவர் பார்த்து, இந்த நிலையில் ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சக்கர நாற்காலியில் வைத்து, பெட்டியை இறக்கிக்கொடுத்து, வாசல் வரை கொண்டுவந்து விட்டார்கள். நாற்காலியில் இருந்த அக்காவின் கையில் என்னுடைய பட்டியல் நான்காக மடிந்து வியர்வையில் நனைந்திருந்தது. 3.45க்கு நாங்கள் மருத்துவமனையில் இருந்தோம். விமானம் அவளில்லாமல் பறந்தது.

பார்த்தவர் பெண் மருத்துவர். நாக்கை நீட்டச் சொன்னார், புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய தோல் அப்படியே நின்றது.

"கடைசியா எப்பம்மா தண்ணி குடிச்சீங்க?"

"நேத்து சாயந்தரம்."

"எத்தனை மணிக்கு?"

"ஏழு இருக்கும். மாத்திரைக்கு."

"இன்னைக்கு காலைல?"

"அரை டம்ளர் காப்பி."

"பிரஷர் மாத்திரை?"

அக்கா சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, "அது நீர் பிரியிற மாத்திரை டாக்டரு. பயணம் போற அன்னைக்குப் போடமாட்டேன்" என்றாள்.

"சரி. பாத்ரூம் கடைசியா எப்ப போனீங்க?"

அக்கா அத்தானைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். மருத்துவருக்குப் புரிந்தது. "ஐயா, நீங்க செத்த வெளிய இருங்க" என்று அத்தானை அனுப்பினார். திருமணமாகி முப்பத்தைந்து ஆண்டு ஆகிறது. கணவன் எதிரில் அந்த ஒரு கேள்விக்கு அவளால் பதில் சொல்ல முடியவில்லை.

கதவு சாத்திய பிறகு சொன்னாள். "காலைல அஞ்சே காலுக்கு."

"அதுக்கு அப்புறம் பதினொரு மணி நேரமாப் போகலையா? ஏம்மா, ஏர்போர்ட்டுல பாத்ரூம் இருக்கே!"

"இருக்கு. போர்டு பாத்தேன். நல்லாச் சுத்தமா இருக்குன்னு பக்கத்துல இருந்த பொண்ணு சொல்லுச்சு. வாரீங்களான்னு கேட்டுச்சு."

"போக வேண்டியதுதானே?"

"பையி இருக்குல்ல. நான் போன நேரம் கூப்ட்டுட்டாங்கன்னா?" பிறகு என் பக்கம் விரலை நீட்டி, குற்றம் சொல்லும் குரலே இல்லாமல், சாட்சி சொல்வது போலச் சொன்னாள்: "இவ எழுதிக் குடுத்ததுல அது இல்லயே டாக்டரு. அழைக்கிற வரைக்கும் எந்திரிக்கக் கூடாதுன்னு இருந்துச்சு."

மருத்துவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது, சிறுநீரில் கிருமியும் இருக்கிறது, அது இன்று வந்தது அல்ல, பல வருடமாக வந்து வந்து போயிருக்கும் என்றார்கள். டிரிப்ஸ் ஏற்றினார்கள். இரவு முழுவதும் வைத்துப் பார்த்து, காலையில்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார் மருத்துவர்.

வராந்தாவில் அத்தான் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். விவரத்தைச் சொன்னேன்.

"ஒரு நாலு மணி நேரம் ஃப்ளைட்டு. அதுக்கு நேத்துல இருந்தே தண்ணி குடிக்காமயா இருக்கணும்? டிக்கெட்டு போச்சு, பிள்ள அங்க தனியாக் கெடக்கு. இந்தப் பொம்பளைகளக் கூட்டிட்டு ஒரு எடத்துக்குப் போக ஏலாது!"

அதுவரை எனக்கு என் மேல்தான் கோபம் இருந்தது. அந்தச் சொல்லில் அது அணை உடைந்த மாதிரி அவர் பக்கம் திரும்பியது.

"அத்தான், காலைல வடமதுரை தாண்டி எதுக்கு வண்டிய நிறுத்துனீங்க?"

"டீக்கு."

"டீக்கு முன்னாடி எங்க போனீங்க?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அக்காவ ஒரு வார்த்த கேட்டீங்களா, நீ போறியான்னு?"

"அது எங்க போகும்? அங்க என்ன இருக்கு?"

"அதத்தான் அத்தான் கேக்குறேன். அங்க என்ன இருக்கு? திண்டுக்கல்லுல இருந்து திருச்சி வரைக்கும் உங்களுக்கு எத்தன மரம் இருக்கு, எங்களுக்கு என்ன இருக்கு?"

என் குரல் உயர்ந்துவிட்டது. ஒரு செவிலி எட்டிப் பார்த்தாள். அத்தான் முகம் சிவந்து போயிற்று. ஆனால் அவரும் லேசுப்பட்டவர் இல்லை.

"டீச்சரம்மா, நீயுந்தான் பக்கத்துலயே உக்காந்திருந்த. நீ கேட்டியா? டயம் டேபிள் போட்டவளே நீதான. பதினேழு பாயிண்டு! அதுல ஒரு பாயிண்டு இதுக்கு எழுதக் கூடாதா?"

அவர் சொன்னது சரி. அன்று மாலை முழுவதும் அந்த வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து நான் அதைத்தான் யோசித்தேன். நான் ஏன் கேட்கவில்லை? ஏனென்றால் நானும் அப்படித்தான். அன்று காலையிலிருந்து நானும் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. திருச்சிக்குப் போகிறோம், நாள் முழுக்க வெளியில் நிற்க வேண்டும். அதனால் குடிக்கவில்லை. முடிவு செய்து அப்படி இருக்கவில்லை. பழக்கம், அவ்வளவுதான்.

"பொம்பளப் பிள்ள பஸ்ஸுல ஏறப் போறான்னா வாயில தண்ணி படக் கூடாது" என்று எங்கள் அம்மா சொல்லும். எங்கள் தெருவில் எல்லா அம்மாக்களும் சொல்லியிருப்பார்கள். அரை மணி தூரத்திலிருக்கும் செம்பட்டிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போவது என்றாலும் முதல் நாள் இரவே நாங்கள் குடிப்பதைக் குறைத்துவிடுவோம். மண்டபத்தில் பாயசம் வரும். பாதி டம்ளரோடு வைத்துவிடுவோம். அதை நாசூக்கு என்று சொல்வார்கள். நான் வேலை பார்க்கும் பள்ளியில் ஆசிரியைகளின் கழிப்பறைக்குப் பூட்டு உண்டு. சாவி அலுவலக அறையில், ஆண் எழுத்தரின் மேசைக்கு மேலே ஆணியில் தொங்கும். கேட்டால் கொடுத்துவிடுவார், நல்ல மனிதர்தான். ஆனால் கேட்க வேண்டும். நான்கு பேர் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் போய், எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும்படி அந்தச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். இருபத்திரண்டு ஆண்டுகளில் நான் அதை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். காலை 8.10க்கு வீட்டைவிட்டுக் கிளம்பினால் மாலை 5.20 வரை அடக்கிக்கொள்வதுதான். இதை ஒரு நாளும் நாட்குறிப்பில் எழுதியதில்லை. மழை பெய்ததை எழுதியிருக்கிறேன், பேருந்து ஆறு நிமிடம் தாமதமாக வந்ததை எழுதியிருக்கிறேன். என் வகுப்புப் பெண்பிள்ளைகள் மதியம் தலைவலி என்று மேசையில் படுப்பதை 'கவனக்குறைவு' என்று எழுதியிருக்கிறேன். அவர்கள் பையில் தண்ணீர்ப் புட்டி நிறைந்தபடியே வீட்டுக்குத் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன், பார்த்தும் கேட்டதில்லை.

ஆகவே, நான்காவது வரியை நான் யோசித்து எழுதவில்லை. 'தண்ணீர் அளவாகக் குடிக்கவும்.' அம்மா சொன்னதை நான் மையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பெஞ்சில் உட்கார்ந்தபடி கணக்கைத் திரும்பப் போட்டேன். விமானத்துக்கு நான்கு மணி பத்து நிமிடம். சரி. ஆனால் அக்கா வீட்டைவிட்டுக் கிளம்புவது காலை ஏழு. எந்தத் தாமதமும் இல்லாமல் போயிருந்தாலும், சிங்கப்பூரில் இறங்கி, மகள் வீட்டுக் கதவைத் தட்டும்போது நம் மணிக்கு மாலை ஏழரை ஆகியிருக்கும். பன்னிரண்டரை மணி நேரம். அதுவும் அவள் கணக்கு அல்ல. தண்ணீர் குடிப்பதை அவள் நிறுத்தியது முந்தின நாள் மாலை ஏழு மணிக்கு. அங்கிருந்து எண்ணினால் இருபத்து நான்கரை மணி நேரம். ஒரு பெண்ணின் பயணம் அங்கேதான் தொடங்குகிறது. கடலுக்கு மேல் கோடு வரைந்து காட்டும் எந்தப் பக்கத்திலும் அது இல்லை. கணக்கு ஆசிரியையான நான் போட்ட பட்டியலிலும் இல்லை.

6.40க்கு அக்கா மகள் அழைத்தாள். "சித்தி, அம்மா ஃப்ளைட்டுல இருக்காங்கல்ல? எத்தன மணிக்கு எறங்குவாங்க?"

சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். ஆனால் வந்தது கோபம்.

"நான் நர்சு சித்தி. தெனம் இருபது பேருக்குச் சொல்றேன், தண்ணி குடிங்க, அடக்காதீங்கன்னு. எங்கம்மாவுக்கு நாலு மணி நேரம்தாம்மா, கண்ண மூடித் தெறக்குறதுக்குள்ள வந்துரும்னு சொன்னேன். எனக்குத் தெரியாதா எங்கம்மாவப் பத்தி? நானே கல்யாணத்துக்கு முந்தி அப்படித்தான இருந்தேன்!" பிறகு கேட்டாள். "வெள்ளிக்கிழமைக்குள்ள அம்மா வந்துருவாங்களா சித்தி?"

கேட்டுச் சொல்வதாகச் சொல்லி வைத்தேன். அக்காவிடம் போய்ச் சொன்னபோது அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"நான் போகலடி. என்னால எல்லாருக்கும் தொல்ல. அவ மாமியார் வரட்டும்."

"மாமியாருக்கும் இதே பிரச்சனதான்க்கா இருக்கும்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "ஊருல கேட்டா பிரஷருன்னு சொல்லு. ஒண்ணுக்கு அடக்கி விழுந்துட்டான்னு சொல்லிராதடி. மானம் போயிரும்."

சரி என்று சொல்லிவிட்டேன். தொலைபேசியில் விசாரித்த உறவினர்கள் எல்லோருக்கும் 'பிரஷர்' என்றே சொன்னேன். சொல்லும்போதெல்லாம் எனக்குள் எரிந்தது. பதினொரு மணி நேரம் ஒருத்தியை அடக்கிவைத்த சாலைக்கு மானம் போகவில்லை, பேருந்து நிறுத்தங்களுக்குப் போகவில்லை, சாவியை ஆணியில் மாட்டிவைத்த பள்ளிக்குப் போகவில்லை, பட்டியல் போட்ட எனக்கும் போகவில்லை. விழுந்தவளுக்குத்தான் போகுமாம். இதை எழுத அக்காவிடம் பின்னர் அனுமதி கேட்டேன். "பேரு போடாம எழுது" என்றாள். அதனால்தான் இதில் யார் பெயரும் இல்லை.

அக்கா வியாழக்கிழமை போய்ச் சேர்ந்தாள், வெள்ளிக்கிழமை பேத்தியைக் கையில் வாங்கினாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பேத்தி இப்போது ஓடுகிறாள். ஆனால் என் நினைவில் அதைவிட ஆழமாக நிற்பது புதன்கிழமை காலை.

ஜூலை 3, காலை 6.20. நான் கண்விழித்தபோது அக்கா படுக்கையில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் தெளிவு வந்திருந்தது. இரவு செவிலி வைத்துவிட்டுப் போன தண்ணீர்ச் சொம்பு காலியாக இருந்தது. அத்தான் நாற்காலியில் சரிந்து தூங்கிக்கொண்டிருந்தார். நான் எழுந்து அருகில் போவதற்குள் அக்கா அவரைப் பார்த்து, அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"இந்தாங்க. எந்திரிங்க. நான் பாத்ரூம் போகணும். இந்தப் பாட்டில எடுத்துப் பிடிங்க."

பக்கத்துப் படுக்கையிலிருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். அத்தான் திடுக்கிட்டு விழித்து, யாரிடம் சொல்கிறாள் என்பது போல என்னைப் பார்த்தார். நான் இடத்தைவிட்டு அசையவில்லை.

அவர் எழுந்தார். டிரிப்ஸ் புட்டியைக் கம்பியிலிருந்து கழற்றித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டார். குழாய் இழுபடாமல் அவள் வேகத்துக்கு அடி வைத்தார். கழிப்பறை வாசலில் ஒரு சிக்கல். குழாய் அவ்வளவு நீளமில்லை. கடைசியில் கதவை ஒரு சாண் திறந்துவைத்து, கையை மட்டும் உள்ளே நீட்டி, முகத்தை வெளியே திருப்பிக்கொண்டு, மண்டியில் நான்கு பேரை மிரட்டி வேலை வாங்கும் மனிதர் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

"கை வலிக்குதுடி. எம்புட்டு நேரம்?" என்றார் மெதுவாக.

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "நாலு மணி நேரம் ஆகும். நில்லுங்க."

பக்கத்துப் படுக்கை அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அத்தானுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, புட்டி ஆடியது. நான் மட்டும் சிரிக்க முடியாமல் நின்றேன். முப்பத்தைந்து ஆண்டில் அவள் அவரிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் உதவி அது என்று தோன்றியது. இவ்வளவு சிறிய ஒரு வேலையைச் செய்ய அவருக்கும் தெரிந்துதான் இருக்கிறது. அதைக் கேட்பதற்கு ஒருத்தி மயங்கி விழ வேண்டியிருந்ததே என்று நினைத்தபோது முந்தின நாள் கோபம் மறுபடி வந்தது.

வெளியே வந்து படுக்கையில் உட்கார்ந்ததும் அக்கா என்னைப் பார்த்து, "வியாழக்கிழம ஃப்ளைட்டு இருக்கான்னு கேளுடி" என்றாள். மருத்துவர் வந்து, மாத்திரையும் தண்ணீரும் தவறாமல் எடுத்தால் போகலாம் என்றார். அதன் பிறகு நான் முதலில் செய்த காரியம் இது. 7.05க்கு வராந்தாவுக்குப் போய், திண்டுக்கல்லில் எங்களுக்குப் பயணச்சீட்டு எடுத்துக் கொடுத்தவரைக் கைப்பேசியில் அழைத்தேன். வியாழக்கிழமைக்கு இடம் இருக்கிறது என்றார்.

"ஜன்னல் சீட்டு போட்டுரவா டீச்சர்? அம்மாவுக்கு மொத தடவ, வேடிக்க பாத்துட்டுப் போகட்டும்."

"வேண்டாம். நடைபாதை ஓரம், பின்பக்கம். கழிப்பறைக்குப் பக்கத்துல."

"எங்க டீச்சர்?"

"கழிப்பறைக்குப் பக்கத்துல" என்று மறுபடியும் சொன்னேன், வராந்தாவில் இருந்த ஆண்களும் பெண்களும் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. ஐம்பத்து மூன்று வயதில் நான் அந்தச் சொல்லைக் குரலைத் தாழ்த்தாமல் சொன்னது அதுதான் முதல் முறை. அன்றிலிருந்து ஓர் ஊர் எவ்வளவு தூரம் என்று எந்தப் பெண் என்னிடம் கேட்டாலும், வழியில் கழிப்பறைக்கு அவள் எங்கே இறங்கலாம் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் கிலோமீட்டரையும் மணியையும் சொல்கிறேன்.